துளையிடும் முன்

கிள்ளான் நகரின் ஒதுக்குப்புறத்தில் ஒரு சிறிய வாகனப் பட்டறை. தகரக் கூரை, எண்ணெய்க் கறை படிந்த சிமெண்டுத் தரை, சுவர் முழுக்க அளவு வாரியாக மாட்டப்பட்ட ஸ்பேனர்கள். ஒரு சனிக்கிழமை மாலை, வெள்ளை நிறப் பழைய புரோட்டோன் சாகா ஒன்று அங்கு வந்து நின்றது. அதை ஓட்டி வந்தவன் பத்தொன்பது வயது இளைஞன். பட்டறையின் உரிமையாளர் அவனுடைய தாய்மாமா.

இளைஞன் பின்னிருக்கையிலிருந்து ஓர் அட்டைப் பெட்டியை இறக்கினான். உள்ளே கறுப்பு நிறத்தில், தவளையின் வாயைப் போல் அகன்று திறந்த ஒரு பொருள் இருந்தது. கண்ணாடி இழையால் செய்யப்பட்ட காற்றுவாங்கி அது. வாகனப் பிரியர்கள் அதை ஸ்கூப் என்பார்கள். மகிழுந்தின் முன்மூடியில், அதாவது பானட்டில், ஒரு துளையை வெட்டி அதன்மேல் இதைப் பொருத்துவார்கள். துளையின் வழியே வெளிக்காற்று இயந்திரத்தைச் சென்றடையும்.

“மாமா, இன்றைக்கே வெட்டிவிடலாமா? நாளைக்கு நண்பர்களோடு வெளியே போகிறேன்” என்றான் இளைஞன்.

மாமா கையைத் துணியில் துடைத்துக்கொண்டே வந்தார். காற்றுவாங்கியைத் தூக்கிப் பார்த்தார். முன்மூடியையும் பார்த்தார். உடனே பதில் சொல்லவில்லை.

அந்த மகிழுந்தை அவர் நன்கு அறிவார். மலேசியாவின் முதல் தேசிய மகிழுந்தாக 1985-இல் வெளிவந்தது சாகா. அது வெளிவந்த சில ஆண்டுகளில் இளைஞனின் தந்தை இதை வாங்கினார். துறைமுகத்தில் வேலை செய்து, சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் வாங்கிய வண்டி. தைப்பூசத்திற்குப் பத்துமலைக்குப் போனதும், பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க அழைத்துப் போனதும் இதில்தான். தந்தை காலமாகி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இப்போது வண்டி மகன் கைக்கு வந்திருக்கிறது.

“வெட்டுவதற்குக் கால் மணி நேரம் போதும். ஆனால், வெட்டிய தகட்டை மறுபடி ஒட்ட முடியாது. அதனால் மூன்று கேள்விக்குப் பதில் சொல். பிறகு நானே வெட்டித் தருகிறேன்” என்றார் மாமா.

“கேளுங்கள் மாமா.”

“காற்று எங்கிருந்து வரும்? உள்ளே வந்த காற்று எங்கே போகும்? மழை பெய்தால் தண்ணீர் எங்கே போகும்?”

முதல் இரண்டு கேள்விகளும் இளைஞனுக்குச் சிரிப்பை வரவழைத்தன. “முன்னாலிருந்து வரும், இயந்திரத்துக்குப் போகும்” என்றான். மூன்றாவது கேள்விக்கு அவனிடம் பதில் இல்லை.

“நீ சொன்ன முதல் இரண்டு பதிலும் பாதிதான் சரி. போய்க் கண்டுபிடித்து வா” என்று சொல்லிவிட்டு மாமா தம் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

இளைஞனுக்குக் கோபம் வந்தது. வேறு பட்டறைக்குப் போனால் கேள்வி கேட்காமல் வெட்டித் தருவார்கள். ஆனால், மாமாவைப் போல் சுத்தமாகத் தகடு வெட்டத் தெரிந்தவர் அந்த வட்டாரத்தில் இல்லை என்பதும் அவனுக்குத் தெரியும். பெட்டியைத் திரும்ப வண்டியில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

அன்றிரவு அவன் தேடத் தொடங்கினான். இயந்திரம் பெட்ரோலை மட்டும் உண்டு ஓடுவதில்லை என்பதுதான் அவன் முதலில் அறிந்துகொண்ட செய்தி. ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிவதற்கு ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். சாகாவின் இயந்திரம் 1.3 லிட்டர் கொள்ளளவு உடையது. இத்தகைய நான்கு வீச்சு இயந்திரம் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை தன் கொள்ளளவுக்குக் காற்றை உள்ளே இழுக்கும். நிமிடத்திற்கு 5,000 சுற்று என்ற வேகத்தில் அது சுழன்றால், 2,500 முறை மூச்சு வாங்கும். கணக்குப் போட்டால், ஒரு நிமிடத்தில் 3,250 லிட்டர் வரை காற்று தேவைப்படும். சிறிய இயந்திரத்திற்கு இவ்வளவு பெரிய மூச்சா என்று அவன் வியந்தான்.

அந்தக் காற்று எப்படிப்பட்டது என்பது அடுத்த கேள்வி. அவனுடைய பழைய சாகாவில் காற்று வடிகட்டி கார்புரேட்டரின் மேல், இயந்திரத்தின் தலைக்கு அருகிலேயே இருந்தது. சூடேறிய இயந்திரத்தைச் சுற்றியுள்ள காற்றும் சூடாகத்தான் இருக்கும். சூடான காற்று விரிந்து இலேசாகிவிடும். 30 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்றின் நிறை ஏறத்தாழ 1,165 கிராம். அதே காற்று 60 பாகைக்குச் சூடேறினால் ஏறத்தாழ 1,060 கிராம்தான் இருக்கும். அதாவது, ஒவ்வொரு மூச்சிலும் இயந்திரத்திற்குக் கிடைக்கும் காற்று பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்துவிடுகிறது. குளிர்ந்த வெளிக்காற்றைத் தேடி மக்கள் முன்மூடியில் துளையிடுவதற்கு இதுவே காரணம்.

இந்த வழக்கம் அமெரிக்காவில் 1960-களில் புகழ்பெற்றது. அப்போது அந்நாட்டு நிறுவனங்கள், பெரிய இயந்திரம் பொருத்திய விரைவு மகிழுந்துகளைப் போட்டி போட்டுக்கொண்டு உருவாக்கின. இளைஞன் திரைப்படங்களில் பார்த்து மயங்கியவை அந்த வண்டிகள்தாம். ஆனால், அவற்றின் வரலாற்றைப் படித்தபோது அவனுக்கு வியப்பு காத்திருந்தது. 1964-இல் வந்த போன்டியாக் ஜிடிஓவின் முன்மூடியில் இரண்டு காற்றுவாங்கிகள் இருந்தன. அவை வெறும் அலங்காரம். அவற்றின் வழியே காற்று போக வழியே இல்லை. அடுத்த ஆண்டுதான், அடைத்திருந்த காற்றுவாங்கியைத் திறந்து பயன்படுத்துவதற்கான பாகங்களை அந்நிறுவனம் தனியாக விற்றது.

அதே 1964-இல் ஃபோர்டு நிறுவனம் நேர்கோட்டுப் பந்தயத்திற்காகத் தண்டர்போல்ட் என்னும் வண்டியை உருவாக்கியது. அதன் முன்மூடி நடுவில் புடைத்திருக்கும். அந்தப் புடைப்பு காற்றுக்காக அன்று. உயரமான இயந்திரம் இடிக்காமல் இருப்பதற்காக. காற்று வேறு வழியாக வந்தது. முன்புறம் இருந்த நான்கு விளக்குகளில் உள்பக்கத்து இரண்டை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் வலையைப் பொருத்தி, அங்கிருந்து குழாய் வழியாகக் காற்றைக் கொண்டு சென்றார்கள். முன்மூடியில் காற்றுக்கென ஒரு துளைகூட இல்லை.

1969-இல் வந்த ஃபோர்டு மஸ்டாங் வண்டிகள் சிலவற்றில் காற்றுவாங்கி இயந்திரத்தின் மேலேயே பொருத்தப்பட்டு, முன்மூடியின் துளை வழியே தலைநீட்டியது. இயந்திரம் அதிரும்போது அதுவும் சேர்ந்து அதிரும். அதே ஆண்டின் செவ்ரோலெட் கமாரோவுக்குக் கிடைத்த ஒரு முன்மூடியில் காற்றுவாங்கியின் வாய் பின்பக்கம், ஓட்டுநரின் கண்ணாடியைப் பார்த்து இருந்தது. இளைஞனுக்கு இது விளங்கவே இல்லை. காற்று முன்னாலிருந்து வருகிறது. வாய் ஏன் பின்னால் இருக்க வேண்டும்?

நம் நாட்டுச் சாலையிலும் அவன் அடிக்கடி பார்த்த ஒன்று நினைவுக்கு வந்தது. டொயோட்டா ஹைலக்ஸ் டீசல் வண்டிகள் சிலவற்றின் முன்மூடியிலும், சுபாரு இம்பிரேசா டபிள்யூஆர்எக்ஸ் வண்டியிலும் காற்றுவாங்கி உண்டு. அவற்றின் வழியே நுழையும் காற்று இயந்திரத்திற்குள் போவதே இல்லை. டர்போ அழுத்திச் சூடாக்கிய காற்றைத் தணிக்கும் இடைக்குளிர்விப்பானின் மேல் அது வீசிவிட்டுப் போகிறது. பார்வைக்கு எல்லாத் துளைகளும் ஒன்றுபோல் தெரிந்தாலும் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேலைக்காக இடப்பட்டது என்பது அவனுக்குப் புரிந்தது.

அடுத்த வாரம் அவன் பட்டறைக்குப் போய்த் தான் அறிந்ததைச் சொன்னான். மாமா கேட்டுக்கொண்டார். “நல்லது. மற்றவர்கள் வண்டியைப் பற்றிச் சொன்னாய். உன் வண்டியில் காற்று எங்கே எப்படிப் போகிறது என்று பார்த்தாயா?” என்றார்.

“காற்றை எப்படிப் பார்ப்பது மாமா?”

“அக்காவிடம் கம்பளி நூல் இருக்கும். கேட்டு வாங்கி வா.”

அன்று மாலை அம்மா தம் தையல் பெட்டியிலிருந்து சிவப்பு நூலை எடுத்துக் கொடுத்தார். எதற்கு என்று கேட்டார். அவன் சொன்னான். “அப்பாவின் வண்டியில் துளை போடப் போகிறாயா?” என்று மட்டும் கேட்டார். அவன் தலையாட்டினான். அம்மா வேறொன்றும் சொல்லாமல் நூலை விரல் நீளத்திற்கு நறுக்கிக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை. இளைஞனும் மாமாவும் நூல் துண்டுகளை முன்மூடி முழுவதும் ஒட்டுத்தாளால் வரிசையாக ஒட்டினார்கள். ஒளி ஊடுருவும் நெகிழிக் குழாய் ஒன்றை ஆங்கில எழுத்து ‘யு’ வடிவில் வளைத்து, அதில் சாயம் கலந்த நீரை ஊற்றி, ஓர் அளவுகோலோடு சேர்த்துக் கட்டினார்கள். குழாயின் ஒரு முனை வண்டிக்குள் திறந்திருந்தது. மறு முனையைச் சன்னல் இடுக்கு வழியாக வெளியே கொண்டுவந்து முன்மூடியில் ஒட்டினார்கள். அதன் வாய் காற்றை நேராக எதிர்கொள்ளாமல் தகட்டோடு படிந்திருக்கும்படி மாமா பார்த்துக்கொண்டார். வெளியே அழுத்தம் கூடினால் நீர் ஒரு பக்கம் தள்ளப்படும். குறைந்தால் எதிர்ப்பக்கம் நகரும்.

கூட்டரசு நெடுஞ்சாலையில் வாகனங்கள் குறைவாக இருந்தன. மாமா மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் சீராக ஓட்டினார். இளைஞன் பக்கத்து இருக்கையில் அமர்ந்து நூல்களையும் நீர்மட்டத்தையும் பார்த்துக் குறித்துக்கொண்டான். ஒவ்வொரு முறையும் பாதுகாப்பான இடத்தில் வண்டியை நிறுத்திக் குழாயின் முனையை வேறு இடத்திற்கு மாற்றினார்கள்.

அவன் எதிர்பார்த்தது நடக்கவில்லை. முன்மூடியின் முன் ஓரத்திற்குச் சற்றுப் பின்னால், காற்றுவாங்கியைப் பொருத்த அவன் தேர்ந்தெடுத்திருந்த இடத்தில், நீர் எதிர்ப்பக்கம் நகர்ந்தது. அங்கே காற்று தகட்டை அழுத்தவில்லை. தகட்டிலிருந்து விலகி மேலே இழுத்துக்கொண்டிருந்தது. முன் ஓரத்தைத் தாண்டி வளையும்போது காற்று வேகம் கூடுகிறது. வேகம் கூடும் இடத்தில் அழுத்தம் குறைகிறது. முன்மூடியின் பின்கோடியில், கண்ணாடியின் அடிப்பகுதியில், நிலைமை வேறாக இருந்தது. அங்கே நூல்கள் ஒரு பக்கமாகப் படியாமல் துள்ளித் துள்ளி ஆடின. நீர் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தள்ளப்பட்டது. கண்ணாடி காற்றைத் தடுத்து நிறுத்துவதால் அங்கே அழுத்தம் கூடுகிறது. கமாரோவின் காற்றுவாங்கி ஏன் பின்னால் திரும்பியிருந்தது என்பது அவனுக்கு அந்த நெடுஞ்சாலையில்தான் விளங்கியது.

“மாமா, நான் நினைத்த இடத்தில் வெட்டியிருந்தால்?” என்று கேட்டான்.

“தட்டையான துளையாக இருந்தால் சூடான காற்று அது வழியே வெளியே போயிருக்கும். அதுவும் ஒரு பயன்தான். ஆனால், நீ கேட்டது அது இல்லையே. முன்பக்கம் பார்த்த வாய்தான் வேண்டும் என்றால் அதை உயரமாகத் தூக்கி வைக்க வேண்டும். தகட்டை ஒட்டி ஓடும் காற்று மெதுவாகத்தான் ஓடும். வாயை உயர்த்தினால் சாலை மறைக்கும்.”

வீடு திரும்பியதும் இளைஞன் இன்னொரு கணக்கையும் போட்டுப் பார்த்தான். காற்றுவாங்கி வைத்தால் வேகமாக ஓடும்போது காற்று இயந்திரத்திற்குள் திணிக்கப்படும் என்று அவன் நண்பர்கள் சொல்வார்கள். நம் நெடுஞ்சாலைகளில் அனுமதிக்கப்படும் மிகக் கூடிய வேகமான மணிக்கு 110 கிலோமீட்டரில், எதிர்க்காற்று முழுவதையும் தடுத்து நிறுத்தினாலும் அது நீரை ஆறு சென்டிமீட்டர் அளவுக்குத்தான் உயர்த்தும். வளிமண்டலத்தின் வழக்கமான அழுத்தமோ பத்து மீட்டர் உயர நீர்த்தம்பத்தைத் தாங்கும். பத்து மீட்டருக்கு முன்னால் ஆறு சென்டிமீட்டர் எம்மாத்திரம்? கூடுதலாகக் கிடைப்பது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆக, சாதாரணச் சாலையில் காற்றுவாங்கி தரும் நன்மை காற்றின் தள்ளுவிசையால் வருவதன்று. காற்றின் குளிர்ச்சியால் வருவது. அதுவும், வந்த குளிர்ந்த காற்று சூடான காற்றோடு கலக்காமல் நேரே வடிகட்டிக்குப் போனால்தான் கிடைக்கும். துளையை மட்டும் போட்டுவிட்டு இடையில் அடைப்பு வைக்காமல் விட்டால் எல்லா உழைப்பும் வீண்.

மாமாவின் இரண்டாவது கேள்விக்கு இப்போது பதில் கிடைத்துவிட்டது. மூன்றாவது கேள்விக்கான பதிலை அவன் மழைக்காலத்தில் தேட வேண்டியிருந்தது. கிள்ளானில் மாலை மழை சொல்லிக்கொண்டு வருவதில்லை. காற்றை அழுத்தலாம், நீரை அழுத்த முடியாது. இயந்திரத்தின் உருளைக்குள் நீர் புகுந்துவிட்டால், மேலே வரும் உந்துதண்டு அதன்மேல் மோதும். அதைத் தாங்கும் இணைப்புத் தண்டு வளைந்துபோகும். ஒரு நொடியில் இயந்திரம் பாழாகிவிடும். அவ்வளவு நீர் புகாவிட்டாலும் வடிகட்டித் தாள் நனைந்தால் இயந்திரம் மூச்சுத் திணறும். எனவே, காற்றுவாங்கியின் அடியில் நீரைத் தடுக்கும் விளிம்பும், தேங்கிய நீர் வடிய வழியும் வேண்டும்.

மூன்றாம் வாரம் அவன் ஒரு தாளில் படம் வரைந்து கொண்டுவந்தான். காற்றுவாங்கியின் வாய் பின்பக்கம் கண்ணாடியைப் பார்த்திருந்தது. துளையைச் சுற்றி இரண்டு சென்டிமீட்டர் உயரத்திற்கு ஒரு விளிம்பு. துளைக்கும் வடிகட்டிக்கும் இடையில் தடித்த நுரை இரப்பர் வளையம். ஓரத்தில் நீர் வடிய ஒரு சிறு குழாய்.

மாமா படத்தை நெடுநேரம் பார்த்தார். “இந்த இரப்பர் வளையம் சரியாகப் பொருந்த வேண்டும். ஓட்டுநர் அறைக்குக் காற்று போகும் வழியும் கண்ணாடிக்கு அடியில்தான் இருக்கிறது. இடைவெளி விட்டால் புகை உள்ளே வரும். புகையில் இருக்கும் நச்சு வாயுவுக்கு வாசனை கிடையாது” என்றார். பிறகு சிரித்தார். “மற்றபடி சரி. உன் காற்றுவாங்கியைத் திருப்பி வைத்துவிட்டால் போதும். சாலைப் போக்குவரத்துத் துறையிலும் ஒரு வார்த்தை கேட்டுவிடு. வண்டியின் அமைப்பை நம் விருப்பம்போல் மாற்றிவிட்டு, பின்னால் வருந்தக் கூடாது.”

அதைக் கேட்டுத் தெளிவு பெற்ற பிறகு ஒரு சனிக்கிழமை வேலையைத் தொடங்கினார்கள். முதலில் வடிகட்டியின் மேல் களிமண் உருண்டைகளை வைத்து முன்மூடியை மெல்ல மூடித் திறந்தார்கள். நசுங்கிய களிமண்ணின் தடிப்பு, இடையில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று காட்டியது. இயந்திரம் ஓடும்போது ஆடும். எனவே எதுவும் ஒன்றோடொன்று இடிக்காத அளவுக்கு இடம் விட வேண்டும். பிறகு முன்மூடியைக் கழற்றி, பழைய கம்பளத்தின்மேல் கவிழ்த்து வைத்தார்கள். வண்டியிலேயே வைத்து வெட்டினால் இரும்புத் தூள் இயந்திரத்திற்குள் விழும் என்றார் மாமா.

அடிப்பக்கத்தில் எலும்புக்கூடு போன்ற அமைப்பு ஒன்று தெரிந்தது. மேலே நாம் பார்க்கும் தகடு மெல்லியது. அதற்கு வலிமை தருபவை அடியிலுள்ள இந்த விலாச் சட்டங்கள்தாம். மோதல் நேரும்போது முன்மூடி கண்ணாடியை நோக்கிப் பாய்ந்துவிடாமல் நடுவில் மடங்க வேண்டும் என்பதையும் கருதியே அதை வடிவமைக்கிறார்கள். எனவே, சட்டங்களை வெட்டக் கூடாது. அவற்றுக்கு இடையிலுள்ள தகட்டில்தான் துளை அமைய வேண்டும். மாமா சட்டங்களின் இடத்தை அளந்து, அட்டையில் ஒரு மாதிரி வெட்டினார். முன்மூடியை நிமிர்த்தி, மேற்பரப்பில் ஒட்டுத்தாளை ஒட்டி, அதன்மேல் அட்டையை வைத்துக் கோடு வரையச் சொன்னார்.

இளைஞன் பென்சிலை எடுத்தான். பாதி வரைந்தவன் நிறுத்தினான். கோட்டிற்கு உள்ளே, ஒட்டுத்தாளின் அடியில், விரலுக்கு ஒரு பள்ளம் தட்டுப்பட்டது. உள்ளங்கை அளவுள்ள ஒரு நசுங்கல்.

அதை அவன் மறந்தே போயிருந்தான். ஆறு வயதில் தீபாவளிக்குப் புதுச்சட்டை போட்ட மகிழ்ச்சியில் முன்மூடியின்மேல் ஏறிக் குதித்து உட்கார்ந்தான். தகடு நசுங்கியது. அடி விழும் என்று பயந்து அழுதான். தந்தை அவனை இறக்கிவிட்டு, நசுங்கலைத் தடவிப் பார்த்துவிட்டு, “பரவாயில்லை, இது உன் கையெழுத்து” என்றார். அதன் பிறகு வண்டிக்கு இரண்டு முறை சாயம் பூசினார்கள். இரண்டு முறையும் பட்டறையில் நசுங்கலை நீக்கித் தருவதாகச் சொன்னார்கள். தந்தை வேண்டாம் என்றார். அந்தப் பட்டறை மாமாவின் பட்டறைதான்.

இளைஞன் மாமாவை நிமிர்ந்து பார்த்தான். அவர் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

“உங்களுக்கு முன்பே தெரியுமா மாமா?”

“தெரியும். நீயாகப் பார்க்க வேண்டும் என்றுதான் இருந்தேன். வண்டி உன்னுடையது. வெட்டலாம், வெட்டாமலும் விடலாம்.”

பட்டறையில் சற்று நேரம் பேச்சில்லை. இளைஞன் ஒட்டுத்தாளை மெல்ல உரித்தான். “மாமா, பழைய உதிரிப்பாகக் கடையில் வேறு பானட் கிடைக்குமா?” என்று கேட்டான்.

“கிடைக்கும். வெள்ளை கிடைக்குமா என்று சொல்ல முடியாது.”

வெள்ளை கிடைக்கவில்லை. அடர் சிவப்பு நிறத்தில் ஒன்று கிடைத்தது. ஓரத்தில் கொஞ்சம் துரு இருந்தாலும் சட்டங்கள் உறுதியாக இருந்தன. அதில்தான் வேலை நடந்தது. இருவரும் கண்ணாடியும் கையுறையும் அணிந்துகொண்டார்கள். கோட்டின் நான்கு மூலைகளிலும் முதலில் வட்டத் துளைகள் இட்டார்கள். மூலை கூர்மையாக இருந்தால் அதிர்வில் அங்கிருந்து தகடு விரிசல் விடும். வட்டமாக இருந்தால் விடாது. விமானச் சன்னல்களின் மூலைகள் வளைவாக இருப்பதும் இதே காரணத்தால்தான். பின்னர், நுண்பற்கள் கொண்ட மின்வாளால் கோட்டிற்குச் சற்று உள்ளே தள்ளி வெட்டினார்கள். “குறைவாக வெட்டினால் அரத்தால் தேய்த்துக்கொள்ளலாம். கூடுதலாக வெட்டினால் அழத்தான் வேண்டும்” என்றார் மாமா. வெட்டி முடிக்க உண்மையிலேயே கால் மணி நேரம்தான் ஆனது. விளிம்பைத் தேய்த்துச் சீராக்கவும், துருப்பிடிக்காமல் இருக்க அடிச்சாயம் பூசிக் காயவைக்கவும், விளிம்பையும் வளையத்தையும் பொருத்தவும் இரண்டு நாள் ஆயின.

வெள்ளை வண்டியில் சிவப்பு முன்மூடி. அதன்மேல் பின்பக்கம் பார்த்த கறுப்புக் காற்றுவாங்கி. நண்பர்கள் பார்த்துச் சிரித்தார்கள். “மாமா தப்பாக மாட்டிவிட்டார். வண்டி இனி பின்னால்தான் ஓடும்” என்று கேலி செய்தார்கள். இளைஞன் அவர்களுக்குக் காற்று வடிகட்டியில் பொருத்தியிருந்த வெப்பமானியைக் காட்டினான். முன்பு நெடுஞ்சாலையில் ஓடும்போது அது 60 பாகையைத் தொடும். இப்போது 40 பாகையைத் தாண்டவில்லை. “வேகம் கூடிவிட்டதா?” என்று ஒருவன் கேட்டான். “கொஞ்சம். நான் நினைத்த அளவுக்கு இல்லை” என்று அவன் உள்ளதைச் சொன்னான்.

அந்த வாரமே பெருமழை பெய்தது. வீடு வந்ததும் இளைஞன் குடையைப் பிடித்துக்கொண்டு முன்மூடியைத் திறந்தான். வடிகட்டித் தாளை விரலால் தொட்டான். அது காய்ந்திருந்தது. சிறு குழாயின் வழியே நீர் சொட்டுச் சொட்டாகத் தரையில் வடிந்துகொண்டிருந்தது. மாமாவைத் தொலைபேசியில் அழைத்து, “தண்ணீர் எங்கே போகிறது என்று பார்த்துவிட்டேன் மாமா” என்றான்.

பழைய வெள்ளை முன்மூடி இப்போது வீட்டு முன்றிலில், சுவரோரமாக நிற்கிறது. வேண்டும் என்றால் நான்கு திருகாணிகளைக் கழற்றிப் பழையபடி மாட்டிக்கொள்ளலாம். அம்மா வீட்டைப் பெருக்கும்போது அதையும் ஈரத்துணியால் துடைக்கிறார். நசுங்கலின் பள்ளத்தில் தூசி சேர்ந்துவிடும். அந்த இடத்தை மட்டும் இரண்டு முறை துடைப்பார்.

சில மாதங்கள் கழித்து, இளைஞனின் நண்பன் ஒருவன் பட்டறைக்கு வந்தான். அவன் கையிலும் ஓர் அட்டைப் பெட்டி. மாமா வண்டியின் அடியில் படுத்து வேலை செய்துகொண்டிருந்தார். உதவிக்கு நின்ற இளைஞன்தான் எதிர்கொண்டான்.

“இன்றைக்கே வெட்டிவிடலாமா?” என்று நண்பன் கேட்டான்.

இளைஞன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே முன்மூடியின் அருகில் போனான். “வெட்டலாம். முதலில் சொல், மழை பெய்தால் தண்ணீர் எங்கே போகும்?” என்றான்.

வண்டியின் அடியிலிருந்து மாமா சிரிக்கும் ஓசை கேட்டது.